கத்தி தீட்டாத டாக்டரம்மா

கறிக்கடைக்காரருக்கு வலது கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷமாகிறது. இடது கண்ணும் அதே வழியில் கிளம்பிவிட்டது. ஆனாலும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. போன வாரம், தொடைக்கறி என்று நினைத்து மாப்பிள்ளையின் கட்டை விரலில் இறக்கிவிட்டார். நல்லவேளை, தையலோடு போயிற்று. மகள் கத்திகளையெல்லாம் அலமாரியில் போட்டுப் பூட்டி, "ரெண்டு கண்ணையும் சரி பண்ணிட்டு வாங்க, சாவி தரேன்" என்றுவிட்டாள். கத்தி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் இப்போது கண் டாக்டரம்மா முன்னால் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்றாலே அவருக்கு ஆகாது. இனிக்க இனிக்கப் பேசி ஆளைப் படுக்கவைக்கிற கூட்டம்.

"ஏம்மா, நீ என்ன படிச்சிருக்கே?"

"எல்லாம் சுவத்துல மாட்டியிருக்கு, ஐயா."

"மாட்டிட்டா ஆச்சா? என் கடைச் சுவத்துல சிங்கம் படம் மாட்டியிருக்கேன். சிங்கக் கறியா விக்கிறேன்?"

கூட வந்திருந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரிப்பை இருமலாக்கி விழுங்கினாள்.

"சரி, முதல்ல எதை வெட்டிப் பழகினே?"

"ஆட்டுக் கண்ணை."

கிழவர் நிமிர்ந்தார். "செத்த ஆடுதானே? வலிக்குதுன்னு சொல்லுமா அது?"

"சொல்லாதுங்க. அதனாலதான் அதுல பழகறது. மனுஷக் கண்ணுன்னு வந்தப்ப பெரிய டாக்டர் பக்கத்துலயே நிப்பாரு. கை லேசா நடுங்கினாலும் கத்தியைப் பிடுங்கிடுவாரு."

இது பேச்சு. தொழில் கற்றுக்கொடுக்கிறவன் அப்படித்தான் இருக்க வேண்டும். அரை மனது இறங்கி வந்தவர், "உன் கத்தியை எதுல தீட்டுவே?" என்றார்.

"தீட்டறதே இல்லீங்க. ஒரு ஆளுக்கு ஒண்ணு. முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடுவோம்."

"தூக்கிப் போடுவியா!" எழுந்து மகள் பக்கம் திரும்பினார். "கெளம்பும்மா. கத்தி தீட்டத் தெரியாதவ கையில என் கண்ணா?"

விடுவிடுவென்று போனவரை வாசலில் ஒருவன் மறித்துக்கொண்டு நின்றான்.

"தள்ளுப்பா." அவன் அசையவில்லை. "தள்ளுங்கறேன், செவிடா நீ?"

"அப்பா, அது கதவுல மாட்டியிருக்கிற கோட்டு" என்றாள் மகள். "கடையிலயும் இப்படித்தான், உங்க மாப்பிள்ளை விரலைத் தொடைக்கறின்னு நினைச்சீங்க."

கிழவர் கோட்டைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

"கெட்டுப்போன கண்ணை முதல்ல வெட்டு. அது தேறினா இன்னொண்ணைப் பத்திப் பேசுவோம்."

அறுவை சிகிச்சை நாளில் மருந்துச் சொட்டு விட்டார்கள், துணியைப் போர்த்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர், வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எப்பத்தான் ஆரம்பிப்பே?" என்று அதட்டினார்.

"முடிஞ்சிடுச்சு, எழுந்திரிங்க."

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். எதிரே பளிச்சென்று ஒரு முகம். குரலை வைத்து நடுவயசுக்காரி என்று நினைத்திருந்தவர் திடுக்கிட்டார்.

"ஐயையோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருக்கியே! இந்த மூஞ்சியைப் பார்த்திருந்தா கட்டில்ல ஏறியே இருக்க மாட்டேன்."

"அடுத்த கண்ணுக்கும் இதே மூஞ்சிதான் வரும், ஐயா."

கிழவர் மகளைப் பார்த்தார். அவள் சாவியைக் கொடுக்கிற வழியாகத் தெரியவில்லை. நன்றாக யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அன்னிக்கு இந்த நல்ல கண்ணைத் துணி போட்டு மூடிடுவேல்ல?"

"மூடிடுவோம்."

"அப்ப சரி."