ஒரு 'ல' குறைகிறது

1

"காலைலன்னுதான்டா சொன்னா. காலைல எடுத்…"

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. காலை எடுத்துடலாம்னா. நானும் கேட்டேன்ல?"

"சதையைடா. சோதனைக்கு. காலைல வந்தா எடுத்து…"

"போக்கா. ஸ்பீக்கர்ல போட்டதே நீதான்."

இந்தக் கதை எனக்கு இப்படித்தான், நடுச்சண்டையில், ஆளில்லாமல் வெறும் குரலாக வந்தது. அக்கா தையற்காரி என்பதும் தம்பி பஸ் ஓட்டுகிறவன் என்பதும் பிறகுதான் தெரிந்தன. அவனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே வீக்கம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், எலும்புப் புற்றுநோயாக இருக்கலாம் என்றிருக்கிறார்.

* 'காலைல', 'காலை': எழுதிப் பார்த்தால் ஓர் எழுத்துதான் வித்தியாசம். போனில் சொன்னால் அதுவும் இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஊசிமுனை நெருப்பாக அவன் காலுக்குள் வலி…'

(அடித்துவிட்டேன். அவன் சொன்னது, "கிளட்ச் மிதிச்சா குத்துதுக்கா." அது போதும்.)

தையல் மெஷின் மேலேயே போனை வைத்துக்கொண்டு, எலும்பு ஆபரேஷன் செய்கிற இடங்களாகப் பார்த்து அக்கா அழைத்தாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "கால் எலும்புல கேன்சர்னா நீங்க பாக்கறதுண்டா?"

ஓரிடத்தில், "எலும்புன்னா எல்லாம் ஒண்ணுதானேம்மா" என்றார்கள்.

"பேண்ட்டும் ஜாக்கெட்டும் துணிதான். வெட்டறது ஒண்ணா?" என்று வைத்துவிட்டாள்.

முன்பொரு முறை தம்பியின் முழங்கை முறிவுக்குக் கட்டுப்போட்ட தெருமுனை கிளினிக்கில், நாளைக்கே கீறிப் பார்த்துவிடலாம் என்றார்கள். தொலைவிலிருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் வரவேற்புப் பெண் மட்டும்தான் எதிர்க்கேள்வி கேட்டாள்: "வேற யாராவது கத்தி வச்சாங்களா? வைக்க விடாதீங்க. ஆபரேஷன் பண்ற டாக்டர்தான் சோதனைக்கும் சதை எடுக்கணும். தப்பான இடத்துல கீறிட்டா அப்புறம் காலைக் காப்பாத்தறது கஷ்டம்."

வியாழக்கிழமை வரச் சொன்னாள். பிறகு அந்த 'எடுத்துடலாம்' வாக்கியம். அப்போது பார்த்து லைன் கரகரத்தது.

"நான் தெருமுனைக்கே போறேன்" என்றான் தம்பி. "அவங்க காலைக் கேக்கல."

3

இப்போது எனக்கு அக்கா மேலேயே சந்தேகம். அந்த 'ல'வை அவள் கேட்டாளா, தானே வைத்துத் தைத்துக்கொண்டாளா?

ஒரு முடிவில் அவனைத் தெருமுனைக்கு அனுப்பினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். இன்னொன்றில் கால் பிழைத்து, அவன் மறுபடி பஸ்ஸை… இல்லை, அது எனக்குத் தெரியாது. டாக்டருக்கே இன்னும் தெரியாது.

தெரிந்தது இவ்வளவுதான்: அக்கா மறுபடி அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். அதே பெண் குரல். அக்கா வாய் திறப்பதற்குள் தம்பி போனைப் பிடுங்கினான்.

"மேடம், எடுத்துடலாம்னு சொன்னீங்களே. காலைலயா, காலையா?"