வட்டம் என்றால் வேண்டாம்

"கார்டுக்குள்ள அவனக் காணல்லியே மக்கா" என்றாள் அம்மா, நான் செருப்பைக் கழற்றும் முன்பே. நெய்யாற்றின்கரை கூரியர் ஆபீசில் வாங்கிய அடாப்டர் இன்னும் பிரிக்காமல் என் பையில் கிடந்தது.

தம்பி ஜிஜோ மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கேம் பெட்டியில் கால்பந்துதான் ஆடுவான். சொந்தமாக ஒரு டீம் உண்டாக்கி, கோல் காக்கும் கோலிக்கு புஷ்பபாய் என்று அம்மாவின் பெயரை வைத்திருந்தான். "அம்மயத் தாண்டி ஒரு பந்து போவாது, பாத்துக்கோ" என்பான். போன மழைக்குப் பாறசாலை ரோட்டில் பைக்கோடு விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான், பாவி. அடுத்த மாசம் இடி விழுந்து பெட்டியும் கருகியது. அவன் ஆடியதெல்லாம் பதிந்திருந்த மெமரி கார்டு மட்டும் தனியே மேசைக்குள் கிடந்து தப்பியது.

நான் வாங்கிவந்த பழைய பெட்டி ஜப்பான்காரனுடையது. நாட்டுக்கு நாடு மாறும் பாழாய்ப்போன ரீஜியன் கோடு வேறு என்பதால் மஸ்கட் டிஸ்க் அதில் ஓடாது. ஆனால் கார்டைச் சொருகினால் அதில் இருப்பது தெரியும்: குட்டியாக ஒரு பந்தாட்டக்காரன் நின்ற இடத்திலேயே சுற்றுவான். அம்மா காலை ஜெபம் முடித்ததும் அவன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். நான்தான் திறந்து கொடுப்பேன். டிஸ்கின் ஐ.எஸ்.ஓ. நகல் ஜிஜோவின் கம்ப்யூட்டரில் உண்டு. கார்டில் உள்ளதையும் அடாப்டர் வழியாக அதில் ஏற்றிவிட்டால், எந்த நாட்டுப் பெட்டியும் வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே அவன் டீம் ஆடும். அம்மா கோல் காப்பாள்.

"நீ வர நேரமாச்சு, நானே தொறந்தேன். என்னமோ இங்கிலீஷ்ல கேட்டுது. பயந்துபோயி வட்டம் போட்ட பட்டனத்தான் அமுக்கினேன், அவன் சொன்னதுபோல."

ஜிஜோ சொல்லித்தான் கொடுத்திருந்தான். "புரியாத்த கேள்வி வந்தா எக்ஸ அமுக்கப்பிடாது அம்மா. வட்டத்த அமுக்கு. வட்டம்ன்னா வேண்டாம்னாக்கும்."

மஸ்கட் பெட்டியில் அப்படித்தான். ஜப்பான் பெட்டியில் வட்டம்தான் சம்மதம். அழிக்கவா என்று கேட்டிருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தேன். கார்டில் ஒன்றும் இல்லை.

"நான் கேடாக்கிட்டேனா மக்கா?"

"இல்லம்மா" என்றேன். "தூசியாக்கும்."

அம்மா கார்டை உருவி நைட்டியின் நுனியால் துடைத்தாள். ஓரத்தில் வாய் வைத்து மெல்ல ஊதினாள்.

"இப்பம் போட்டுப் பாரு."

நான் கை நீட்டவில்லை. போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு முறை ஊதினாள்.