எழுபத்துநாலின் முகம்

...இன்னொரு துண்டு வேண்டாம் என்று வாய்வரை வந்தது, அதற்குள் டோரீன் வைத்தேவிட்டாள், இருப்பதிலேயே பெரிய விலாத்துண்டு, "நல்லா சாப்பிடுப்பா வெண்டல், என் பிள்ளைக்கு முன்னால மலை மாதிரி நிக்கறவனாச்சே நீ," அந்தப் பிள்ளை கேலனோ எதிரே உட்கார்ந்து இடது கையால் முள்கரண்டியோடு மல்லுக்கட்டுகிறான், முறிந்த வலது கை கட்டுக்குள் தொங்குகிறது. வியாழக்கிழமைதோறும் குவாட்டர்பேக் கேலனின் வீட்டில் லைன்மேன்களுக்கு விருந்து, அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிகிற அவன்மேல் எவனும் விழாமல் மறித்து நிற்கும் ஐந்து தடியன்களுக்கு இந்த ஊர் தருகிற ஒரே மரியாதை. மகன் கை முறிந்த பிறகும் இவள் அதை நிறுத்தவில்லையே, இதை எப்படி விழுங்குவது...

விசில் ஊதும்வரை எதிரே இருப்பவனைத் தவிர எதையும் பார்க்காதே, லைன்மேனுக்குப் பாடமே அவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் கூட்டம் ஓவென்று இரைந்தது, பந்து பறந்துவிட்டது என்று நினைத்துத்தானே திரும்பினாய், இல்லை, பொய், நாலு வருஷம் ஆடியும் கேலன் எறிந்த ஒரு பந்தைக்கூடக் கண்ணால் கண்டதில்லை, ஒரே ஒரு தடவை பார்க்க ஆசை, வெண்டல் திரும்பினான், அரை நொடி, எதிராளி இடுக்கில் புகுந்து கேலன்மேல் பாய்ந்துவிட்டான், கை முறிந்தது. அந்த இடுக்கு வெண்டலுக்கும் பக்கத்தில் நின்ற மார்விஸுக்கும் பொது. பயிற்சியாளர் மார்விஸைக் கிழித்துத் தொங்கவிட்டார், மார்விஸும் தன் தப்பென்றே நம்பிவிட்டான், இதோ மேசைக் கோடியில் ஒரு வாய்கூட வைக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "டேய் மார்விஸ், திறந்த கேட்டே! ஆளை உள்ள விட்டுட்டு இப்ப கறி இறங்கலையா?" என்று எவனோ சீண்ட எல்லோரும் சிரித்தார்கள், வெண்டலும் சிரித்தான், சிரித்தானே, வெட்கங்கெட்டவன்...

"டேய் வெண்டல், இதைக் கொஞ்சம் நறுக்கிக் குடுடா." கேலன் தட்டை நகர்த்தினான். தலை குனிந்து நறுக்க வசதியாகத்தான் இருந்தது, முகம் பார்க்க வேண்டியதில்லை. கேலன் சாய்ந்து அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான், "நாலு வருஷமா உன் முதுகுல இருக்கற எழுபத்துநாலாம் நம்பரைத்தான்டா பாத்துட்டிருந்தேன். அன்னிக்குத்தான் முதல்தடவையா ஆட்டத்துல உன் மூஞ்சியைப் பாத்தேன்."

கத்தி நின்றது. அப்படியானால் தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும், தெரிந்தும் பயிற்சியாளரிடம் வாய் திறக்கவில்லை, ஏன், என்னைக் காப்பாற்றவா... நிமிர்ந்தபோது கேலன் அவனைப் பார்க்கவில்லை, மேசைக் கோடியில் மார்விஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். காப்பாற்றவில்லை, காத்திருக்கிறான், ஆறு நாளாக. வெண்டலுக்குக் காதுவரை சுட்டது, என் தப்பென்று இப்போதே சொல்லிவிடலாம், டோரீன் ரொட்டி எடுத்துக்கொண்டு வருகிறாள், அவள் உள்ளே போகட்டும், போனதும்... கத்தி மறுபடி ஓடியது. "போதும்டா, பொடியாயிடுச்சு," என்றான் கேலன். வெண்டல் நறுக்கிக்கொண்டே இருந்தான்.