வடிகால் விடாத வரப்பு

சிங்காரவேல் சார் திரையில் போட்ட படத்தைப் பார்த்து மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மழை அறுத்துப் போட்ட பள்ளத்துக்குள், முழங்கால் சேற்றில், தலையைக் குனிந்துகொண்டு நின்றவர் என் அப்பா.

"இவர மாதிரி இருக்காதீங்கம்மா," என்றார் சார். "வானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா மண்ணு இப்படித்தான் போகும். சோம்பேறிக்கு மழை கூட பகைதான்."

நெய்வேலியில் எங்கள் பிளாக் சமுதாயக் கூடம் அது. மண், நீர் பாதுகாப்புப் பயிற்சி என்று ஓர் அறக்கட்டளை மகளிர் குழுக்களைக் கூப்பிட்டிருந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நசீமா என் கையைப் பிடித்தாள்.

"மெர்லின், இது உங்க அப்பா இல்ல?"

ஆமாம், அப்பாதான். மைக்கேல். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல், டீக்கடைக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிற மனுஷன். கேட்டால் முட்டி வலி என்பார். நானும் தைலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், மடச்சி! அன்று சாயங்காலமே பஸ் ஏறி ஊருக்குப் போய் உலுக்கிக் கேட்டேன்.

"நம்ம ஊர்லயும் அந்தப் படத்தக் காட்டனாங்கம்மா," என்றார். "கோயில் வாசல்ல, என்னா மைக்கேலு, படத்துலல்லாம் நடிக்கிறன்னு கேக்கறானுங்க. எந்த மூஞ்சிய வச்சிகினு போறது?"

சோம்பேறியாம்! கோழி கூவும் முன்னே கொல்லை நிலத்தில் நிற்கிறவரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? மறுநாள் சாரிடம் போய் மரியாதையாகத்தான் கேட்டேன். படத்தை எடுத்துவிடுங்கள், அவர் என் அப்பா என்றேன்.

"அப்படியா? நல்லதாப் போச்சு," என்று சிரித்தார். "அவரால எத்தன பேருக்குப் பாடம் ஆவுது பாருங்க. அந்தப் படம் இல்லன்னா கிளாஸே களைகட்டாதும்மா."

உன் வாயில மண்ணு விழ, என்று மனசுக்குள் சொன்னேன். வெளியே, "சரிங்க சார்," என்றேன். அன்றைக்கே அவருடைய பயிற்சியாளர் வகுப்பில் பெயர் கொடுத்தேன். என் புருஷன் ஜெபின் ஷிப்ட் முடிந்து வந்தவர், "உனக்கு எதுக்கு இந்த வேல?" என்றார். இருக்கிறது, பாருங்கள் என்றேன்.

முன் வரிசையில் உட்கார்ந்தேன். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். அவருக்கு என்மேல் ஒரே பெருமை. ஒருநாள் வரப்பு போடுவதைப் பற்றிப் பாடம் எடுத்தார். "எவ்வளவு பெரிய வரப்பா இருந்தாலும் அதிகப்படி தண்ணி வெளிய போக ஒரு வடிகால் விடணும். விடலன்னா வரப்பு ஒடச்சிக்கிட்டு, கீழ இருக்கிறவன் நிலத்த வாரிக்கிட்டுப் போயிடும்."

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவின் கொல்லைக்கு மேல்கொல்லை செவ்வந்தி அக்காவுடையது. போன வருஷம் இதே அறக்கட்டளை அங்கேதான் மாதிரி வரப்பு போட்டது. அடுத்த நாளே போய்ப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். வடிகால் என்று ஒன்று இல்லவே இல்லை. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் உடைப்பை அடைத்த புதுமண்.

"அந்த சாருதான் நின்னு போட்டாரு," என்றாள் செவ்வந்தி அக்கா. "தண்ணி போவ வழி வேணாமான்னேன். ஒரு சொட்டு வெளிய போவக்கூடாதுன்னாரு. ஐப்பசி மழயில ஒடச்சிகினு உங்கப்பா கொல்லையில பூந்துட்ச்சி. மறுநாளு அடைக்க வந்தவருதான் உங்கப்பாவ படம் புடிச்சிகினு போனாரு."

தெரிந்தே செய்திருக்கிறான்! மல்லாட்டைக் கடலையும் பலாக்கன்றும் போன துக்கத்தில் நின்ற மனுஷனைப் படம் பிடித்து, தன் தப்பை அவர் தலையில் கட்டி, ஊர் ஊராகக் காட்டியிருக்கிறான்.

"ஏங்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"எங்கொல்ல வரப்பாச்சே. உங்கப்பாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்னு ஆயிடுமோன்னு பயம்."

"உன்ன ஒண்ணும் கேக்க மாட்டோம். நிறைவு விழாவுக்கு வந்து இதையே சொல்லு, போதும்."

விழாவுக்கு மாவட்டத்திலிருந்து கண்ணகி என்ற அதிகாரி வந்திருந்தார். சிங்காரவேல் சார் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். பழையபடி அப்பாவின் படத்தைப் போட்டார், பழையபடி சிரிப்பு. பிறகு செய்முறை விளக்கம். புல் வளர்ந்த மண்ணில் தண்ணீர் ஊற்றி, அடியில் தெளிந்து வருவதை டம்ளரில் பிடித்துக் கைதட்டலுக்கு நடுவே குடித்துக் காட்டுவது அவர் வழக்கம். அன்றைக்கு அதைத் தயார் செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கியிருந்தேன்.

துணியை விலக்கினேன். புல் இல்லை. பெரிய தகரத் தட்டில் அப்பாவின் கொல்லைச் செம்மண், சரிவாக, மேலும் கீழுமாக இரண்டு கொல்லைகள். நடுவில் ஒரு வரப்பு. கீழே பலாக்கன்றுக்குப் பதில் வேப்பங்குச்சிகள் நட்டிருந்தேன்.

சாரின் முகம் கோணியது. ஆனால் மேடை, அதிகாரி, மைக். என்ன செய்வார்?

"உங்க கையாலயே ஊத்துங்க சார்," என்று பூவாளியை நீட்டினேன்.

ஊற்றினார். மேல்கொல்லையில் தண்ணீர் தேங்கியது, ஏறியது. கூட்டம் எட்டிப் பார்த்தது. "போதும்மா," என்றார். "மழ உங்களக் கேட்டா நிக்கும்? ஊத்துங்க சார்," என்றேன். வரப்பு படாரென்று உடைந்தது. குச்சிகளை வாரிக்கொண்டு சேறு மேசை விளிம்பைத் தாண்டி அவருடைய வெள்ளைப் பேன்ட்டில் கொட்டியது.

மைக்கை எடுத்தேன். "மேல்கொல்லையில இருக்கிறது சார் போட்ட மாதிரி வரப்பு. வடிகால் கெடையாது. கீழ்க்கொல்ல எங்க அப்பாவோடது. இப்ப நீங்க பாத்துச் சிரிச்சீங்களே, அவருதான். இதுல யாரு சோம்பேறி?"

செவ்வந்தி அக்கா எழுந்து நின்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஒன்று விடாமல் முழுசாகச் சொன்னாள்.

"உண்மையா?" என்று கேட்டார் கண்ணகி மேடம். சார் கைக்குட்டையால் பேன்ட்டைத் துடைக்கப் பார்த்தார். நான் தட்டின் அடியில் வழிந்த செந்நீரை டம்ளரில் பிடித்து அவர் முன்னால் வைத்தேன்.

"எப்பவும் குடிப்பீங்களே, குடிங்க சார்."

அவர் சேற்றுக்கால்களோடு தலையைக் குனிந்து நின்றார். அப்பா நின்ற அதே நிலை. போனை எடுத்து நிதானமாகப் படம் பிடித்தேன். பாவமாக இருந்ததா என்று நசீமா அப்புறம் கேட்டாள். துளிகூட இல்லை. அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடு அப்படி ருசித்தது.

அப்பாவின் படத்தை இனி எந்த ஊரிலும் காட்டக்கூடாது என்று கண்ணகி மேடம் அங்கேயே சொல்லிவிட்டுத்தான் போனார். அன்று சனிக்கிழமை. நேராக அப்பாவிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லி, போனைக் கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பாவம், அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும். அழிச்சிடும்மா."

எனக்கு வந்ததே கோபம்! இத்தனையும் யாருக்காகச் செய்தேன்? வெடுக்கென்று போனைப் பிடுங்கி அழிக்கப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு, இரு. இன்னொரு தபா காட்டு."

காட்டினேன். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அப்பா சிரித்தார். பிறகு எழுந்துபோய்க் கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார்.

"போன இங்கியே வச்சிட்டுப் போ," என்றார். "காலையில பூசைக்கு எடுத்துகினு போவணும்."