இயற்கை எய்தினார்

தையல் கம்பெனியில் வேலை பார்த்த அக்கா, கட்டட வேலையில் செத்துப்போன தன் தம்பியைப் பற்றி ஒரு மாத இதழுக்கு எழுதி அனுப்பியிருந்தாள். "மேஸ்திரி பெல்ட் தரவில்லை. தம்பி எட்டாவது மாடியிலிருந்து விழுந்தான். செத்தான்." இதுதான் அவள் எழுதியது. சரிபார்க்கச் சொல்லி இதழிலிருந்து வந்த பக்கத்தில், "பாதுகாப்பு உபகரணங்கள் வழங்கப்படாத நிலையில் அவர் இயற்கை எய்தினார்" என்று இருந்தது.

அரைநாள் லீவு போட்டு, அந்தப் பக்கத்தோடு நேரே இதழ் அலுவலகத்தில் ஆசிரியர் மேஜைக்குப் போனாள்.

"எட்டாவது மாடியிலேர்ந்து விழுறது இயற்கையா சார்?"

"நடை கொஞ்சம் மொட்டையா இருந்துச்சும்மா. அதான் நாகரிகமா மாத்தினேன்."

"வழங்கப்படாத நிலையில்னா, யாரு வழங்கல? மேஸ்திரி எங்க போனான்? ஒரே வரியில அவனைத் தப்பிக்க விட்டுட்டீங்களே!"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "சரிம்மா, மேஸ்திரியைச் சேர்த்துடறேன். இறந்தவருக்கு மரியாதையா 'அவர்' மட்டும் இருக்கட்டுமே."

"பொறந்ததுலேர்ந்து அவனை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டேன். இந்த 'அவர்' யாருன்னே எனக்குத் தெரியாது."

மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, அவர் எழுதியதைத் தாள் கிழியும்படி அடித்தாள். மேலே தன் மூன்று வரிகளை எழுதினாள்.

ஆசிரியர் அதை இரண்டு முறை படித்தார். அச்சுக்குப் போகும் தாள்களோடு சேர்த்து வைத்தார். அவள் நன்றி சொல்லவில்லை.