எட்டாவது கட்டை

விஜயன் பதினோரு நாளாக ‘ராஜகுமாரி’ என்ற இரும்புப் படகின் பெயிண்டை உரித்துக்கொண்டிருந்தான். உரிப்பது என்றால் வாழைப்பழம் உரிப்பது இல்லை. உளிபோல நுனி தட்டிய சுத்தியலால் இரும்புத் தகட்டை அங்குலம் அங்குலமாகக் கொத்தவேண்டும். பெயிண்டும் துருவும் பொருக்குப் பொருக்காக முகத்தில் வந்து விழும். துடைத்துவிட்டு மறுபடி கொத்தவேண்டும். மேலே சிவப்பு, அதற்குக் கீழே கறுப்பு, அதற்கும் கீழே எந்தக் காலத்து முதலாளிக்கோ பிடித்திருந்த பச்சை. கடைசியில் இரும்பு வரும். நல்ல இரும்பு கணீரென்று குரல் கொடுக்கும். துரு தின்ற இரும்பு தொப்பென்று அடங்கும். சாயங்காலம் கை கழுவும்போது பத்து விரலும் வேறு யாருடையதோ போல இருக்கும்.

அந்தப் போட்டுக்குள்தான் அவன் தம்பி நந்தகுமார் செத்துப்போனான்.

இரண்டு வருஷம் ஆகிறது. நங்கூரம் போட்டு நின்ற போட்டு விடிவதற்குள் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. எஞ்சின் ரூமில் எண்ணெய் போடும் கிரீஸராக இருந்த நந்தகுமார், அங்கேயே படுத்துத் தூங்கியவன், வெளியே வரவில்லை. கிரேன் வைத்துத் தூக்கி, ஹேடோ துறைப் பக்கத்தில், பழுதுபார்க்க அது வழக்கமாக ஏறும் ஸ்லிப் என்கிற சரிவு மேடையிலேயே, வழக்கமான இடத்திலேயே உட்கார வைத்தார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை. கடல் தண்ணீரை எஞ்சினுக்கு விடும் வால்வின் கைப்பிடி, தூக்கும்போதே முறிந்துபோயிருந்தது; திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று தெரிய வழியில்லை. ஆகவே வால்வை மூடாமல் தூங்கிவிட்டான் என்று எழுதி முடித்தார்கள்.

விஜயனையும் கேட்டார்கள். கடைசியாக ஸ்லிப் ஏறியபோது அடிப்பக்கத் தகட்டைக் கொத்திப் பெயிண்ட் அடித்த கூட்டத்துக்கு அவன்தான் தலை. “முழுசும் பார்த்தேன் சார், ஒரு இடம் பாக்கியில்லை” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். தம்பி எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டதற்கு, “கொஞ்சம் மறதிக்காரன்” என்றான். அது பொய்யில்லை. நந்தகுமார் போட்டிருந்த செருப்பையே பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கக்கூடியவன்.

எழுதினவர்கள் தீவை விட்டு மெயின்லேண்டுக்குத் திரும்பிவிட்டார்கள். எழுதினது மட்டும் கராச்சர்மா வரைக்கும் போய், நந்தகுமாரின் வீட்டுக்குள் குடியேறிக்கொண்டது. அங்கே அவன் மனைவி வசந்தகுமாரியும் பதினோரு வயது மகள் கார்த்திகாவும் இருந்தார்கள். “உன் அப்பா பைப்பை மூடாமத் தூங்கிட்டாராமே” என்று பள்ளிக்கூடத்தில் எவளோ கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து கார்த்திகா சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய், கேஸ் சிலிண்டர் மூன்றையும் மூன்று முறை பார்க்காமல் வீட்டை விட்டு இறங்குவதில்லை. தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு தரம் வரும் ஊரில், காற்று மட்டும் வரும் குழாயை அந்தப் பெண் திருகித் திருகி மூடும். பாதி நாள் பள்ளிக்கூடத்துப் பஸ் போய்விடும்.

விஜயன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். அழவும் இல்லை. தம்பி மேல் கோபம் இருந்ததா என்றால், முதல் ஆறு மாதம் இருந்தது. பிறகு அதுவும் ஓய்ந்துவிட்டது. முத்துகிருஷ்ணன் என்ற காண்ட்ராக்டர் போட்டை வாங்கி, ஹேவ்லாக் தீவுக்குக் காய்கறியும் சிமெண்டும் ஏற்ற அதைப் புதுப்பிக்கிறார் என்று ஆள் எடுத்தபோது, விஜயன் முதல் ஆளாகப் போய் நின்றான். இதில் வேலை செய்ய எப்படி மனசு வந்தது என்று கேட்டவர்களிடம், “போட் என்ன பண்ணும்?” என்றான். நடிப்பில்லை. அவனுக்கு உண்மையிலேயே எதுவும் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் நாள் கட்டை மாற்றவேண்டிய நாள்.

ஸ்லிப்பில் ஏறிய போட்டு எட்டு மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும். கட்டை அழுத்திக்கொண்டிருக்கும் இடத்தைக் கொத்த முடியாது, பெயிண்டும் எட்டாது. அதனால் பாதி வேலையில் ஜாக்கி கொடுத்து, ஆப்பைத் தட்டி, ஒவ்வொரு கட்டையையும் ஓரடி தள்ளி வைப்பார்கள். மறைந்த இடம் அப்போதுதான் வெளியே வரும். நாலு பேருக்கு அரை நாள் வேலை, முதுகு ஒடிகிற வேலை.

மத்தியானத்துக்குள் ஏழு கட்டை நகர்ந்தது. எட்டாவது, எஞ்சின் ரூமுக்கு நேர் கீழே. அது நகர்ந்ததும் விஜயன் மல்லாந்து படுத்துக்கொண்டு உள்ளே ஊர்ந்தான்.

தலைக்கு மேலே ஒரு சதுரம் தெரிந்தது. சுற்றிலும் இன்னும் கொத்தாத சிவப்பு, நடுவில் மட்டும் கறுப்பு. சிவப்பு அடித்த வருஷம் இந்தச் சதுரத்துக்கு மட்டும் சிவப்பு கிடைக்கவில்லை. கட்டையைச் சுற்றி பிரஷ் வளைந்து போன தடம்கூட அப்படியே இருந்தது. அவனுடைய பிரஷ்.

கறுப்பு உப்பிப்போயிருந்தது. சுத்தியல் தேவைப்படவில்லை. விரலால் நெம்பியதும் ஒரு பொருக்கு கழன்று மார்பில் விழுந்தது. பின்னாலேயே எண்ணெய் நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் அவன் கழுத்தில் ஒழுகியது. ஓட்டைக்குள் சுண்டுவிரல் போயிற்று. அதன் விளிம்பு அப்பளம்போல மெலிந்து வழவழவென்று இருந்தது. நேற்று வந்த ஓட்டை இல்லை. விசாரணைக்காரர்கள் சுற்றிப் பார்த்தபோதும் இதே கட்டைதான் அதை மூடிக்கொண்டிருந்தது.

அவன் அதை மறந்திருந்தான் என்று சொன்னால் அவனுக்குச் சலுகை காட்டுவதாகும். நினைக்காமல் இருந்தான், அவ்வளவுதான். பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் அது. மறுநாள் காவடி எடுக்கிறவன் சாயங்காலமே குளித்துக் கோவிலுக்குப் போகவேண்டும். அடுத்த போட்டுக்காரன் ஸ்லிப்புக்காகக் கத்திக்கொண்டிருந்தான், கடல் ஏற்றமும் வந்துகொண்டிருந்தது. ஏழு கட்டை நகர்த்தியாயிற்று. ஒரு கட்டைதானே, அடுத்த வருஷம் முதல் வேலையாக இதைப் பார்ப்போம் என்று சுற்றிப் பெயிண்டை இழுத்துவிட்டு, மேஸ்திரி சுதாகரிடம் “ஹோ கயா”, முடிந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். முருகனுக்குத் தாமதம் ஆகவில்லை.

“விஜயண்ணே, க்யா ஹுவா, என்ன ஆச்சு? உள்ளேயே தூங்கிட்டீங்களா?” இப்போது அதே சுதாகர் குனிந்து டார்ச் அடித்தான். வெளிச்சம் ஓட்டையில் போய் நின்றது. “அன்னிக்கு எட்டும் மாத்தியாச்சான்னு கேட்டேனே” என்றான்.

“கேட்டே. ஹோ கயான்னு நான்தான் சொன்னேன்.”

“சரி விடுங்க. இன்னிக்கே ஒரு துண்டு வெட்டி வெல்டிங் வெச்சிடலாம். நாளைக்கு போட்டைச் சோதிக்க சர்வேயர் வர்றாரு, அவருக்கு எது பழசு எது புதுசுன்னு தெரியவா போகுது?”

“வேணாம். அவர் பார்க்கட்டும். நானே சொல்றேன்.”

“பாகல் ஹோ க்யா, பைத்தியமா உங்களுக்கு? முழுசும் பார்த்தேன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் எந்த ஸ்லிப்ல உங்களை உள்ளே விடுவான்?”

“தெரியும்” என்றான் விஜயன். சாக்பீஸால் ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். போனில் படம் எடுத்துக்கொண்டான். மனசில் ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே படுத்துக் காத்திருந்தான். தோன்றவில்லை. அது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

நாலரை மணி பஸ்ஸில் கராச்சர்மா போனான். வசந்தகுமாரி கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவன் உட்காராமல் போனை நீட்டினான்.

“நந்தன் வால்வை மூடிட்டுத்தான் தூங்கியிருப்பான் வசந்தா. தண்ணி இதுவழியா வந்திருக்கு.”

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒரு கறுப்பும் ஒரு சிவப்பும்தான் தெரிந்திருக்கும். “இதை யாரும் பார்க்கலையா மாமா அப்ப?”

“பார்க்கவேண்டியவன் நான். கட்டையை மாத்தாம மாத்திட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தான், கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் கையிலிருந்த பாவாடையை நாலாக மடித்து, எட்டாக மடித்து, அதற்கு மேல் மடிக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ரெண்டு வருஷமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டேதான் சோறு பொங்கினேன்” என்றாள். “இன்னிக்குக் காலையிலகூட திட்டினேன்.”

அவன் போனைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டான்.

“உங்களைப் பத்தி எனக்கு இப்ப ஒண்ணும் சொல்லத் தெரியல மாமா. ஆனா இதைக் கார்த்திகாகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொன்னா, என்னைத் தேத்துறதுக்கு அம்மா கதை விடுதுன்னு நினைப்பா.”

கார்த்திகா டியூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். புத்தகப் பையை மாட்டிக்கொண்டு குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். இரண்டாவது சுற்று. விஜயன் கூப்பிட்டதும் வந்து நின்றாள்.

அவன் சுற்றி வளைக்கவில்லை. எட்டுக் கட்டை, ஏழு நகர்ந்தது, ஒன்று நகரவில்லை, ஆனால் நகர்ந்தது என்று சொன்னேன், அங்கேதான் ஓட்டை விழுந்தது, அப்பா எதையும் மூடாமல் தூங்கவில்லை என்றான். சொல்லும்போது அவன் குரல் கூலி ஆள் வேலை விவரம் சொல்கிற மாதிரியே இருந்தது.

“சச் மே, பெரியப்பா?”

“சத்தியமா.”

“அப்ப, அப்பா தூங்கினது தப்பில்லையா?”

“இல்லடா. வேலை முடிஞ்ச ஆளு தூங்கத்தானே செய்வான்.”

அவள் தலையாட்டினாள். வசந்தகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இனி அந்தப் பெண் குழாய்ப் பக்கம் போகமாட்டாள் என்று விஜயன் எதிர்பார்த்தான். வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டவள், அதோடேயே திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் எதுவும் இல்லை, அக்கறைதான் இருந்தது.

“பெரியப்பா, நீங்க உங்க வீட்டுல எல்லாத்தையும் மூடிட்டு வந்தீங்களா?”

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தது. முப்பது வருஷமாக ‘ஹோ கயா’ சொல்லிப் பழகிய வாய்.

“தெரியலம்மா” என்றான் விஜயன். “போய்ப் பார்க்கிறேன்.”