ஒயர் அவர் கையில் இருந்தது

சின்னசேலத்துக்குப் பக்கத்தில் ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ ஆலையில் நானும் என் கணவர் இளஞ்செழியனும் வேலை பார்த்தோம். அவர் எலக்ட்ரீஷியன். எனக்குக் கம்ப்யூட்டர் அறை. மாவு டிரையர்களின் சூட்டைக் காட்டும் மீட்டர்கள் இருபது வருடமாக மோட்பஸ் முறையில் பேசின. பேனல் ஒவ்வொரு மீட்டரையும் எண் சொல்லிக் கேட்கும், அது பதில் சொல்லும். கேட்டால்தான் பேச்சு. நான் கொண்டுவந்த எம்க்யூடிடி முறையில் மீட்டர் தானாகவே சர்வருக்கு அனுப்பும். முதலாளி வெற்றிவேல் சேலத்தில் இருந்தபடியே போனில் பார்த்துக்கொள்ளலாம். அவர் பழையதையும் நான் புதியதையும் ஆளுக்கொரு டிரையரில் வைத்து, எது மேல் என்று காட்டச் சொன்னார்.

சோதனை நாளில் முதலாளி முன்னால் என் கணவர் இரண்டு மீட்டர்களின் ஒயரையும் கழற்றினார். பழைய பேனல் உடனே கத்தியது. என் திரை அறுபத்திரண்டு டிகிரி என்று காட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னா செழியா, உன் பொட்டி ஒப்பாரி வைக்குது? சுதாவோடது பாரு, கம்முனு இருக்குது" என்று முதலாளி சிரித்தார்.

"ஒயரு என் கைல இருக்குது மொதலாளி. அப்பறம் அறுபத்திரெண்டுன்னு யாரு சொல்லிக்கினு இருக்கறது? நெசமா சூடு ஏறிச்சின்னா மாவு பத்திக்குங்க."

அவர் சொன்னது சரி. கடைசியாக வந்த எண்ணையே சர்வர் வைத்துக் காட்டும்படி செட்டிங் போட்டவள் நான். மீட்டர் நின்றுபோனால் சொல்லும் வசதி இதிலும் உண்டு. அதைப் போட மறந்திருந்தேன். ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

"அவருக்குப் புதுசு புரியலீங்க மொதலாளி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்து ஒயர்களைத் திரும்ப முடுக்கினார். பைக்கில் வரும்போது, "ராத்திரிக்கு இன்னா செய்யப் போற?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் செட்டிங்கைச் சரிசெய்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும்.

தை மாதம் மாரடைப்பில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்த முதலாளி, "தங்கமான ஆளு. புதுசுதான் வராது" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

போன வாரம், கச்சிராயபாளையத்தில் கட்டும் புது ஆலைக்காக இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னார் முதலாளி. வேகம், செலவு, தூரம் எல்லாம் எழுதினேன். பாதுகாப்பு என்ற இடத்தில், அன்றைய சோதனையில் தவறு என்னுடையது, இளஞ்செழியன் சொன்னதே சரி என்று எழுதினேன்.

முதலாளி படித்தார். "இந்த வரிய எடுத்துடும்மா. போன மனுசனப் பத்தி இப்ப எதுக்கு? மிச்சமெல்லாம் நல்லா இருக்குது."

"எடுக்க மாட்டேங்க" என்றேன்.

"இன்னா?" என்றார்.

இன்னொரு முறை சொன்னேன்.